காலைல வாங்கன்னு சொன்ன ராத்திரி

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி, பசங்கல்லாம் சுகமா? ரெண்டு வாரமா உன் மெசேஜுக்கு பதில் போடலன்னு கோவிச்சுக்காத. இங்க ஒண்ணு நடந்துச்சு, போன்ல சொன்னா பாதிலயே அழுதுருவேன், அதான் எழுதுறேன்.

எங்க தெருமுனைல இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அண்ணன் ஞாபகம் இருக்கா? அவரு பொண்ணுக்கு 14 வயசு. டியூஷன் போனது ராத்திரி எட்டரை ஆகியும் வீடு வரல. ஒன்பது மணிக்கு அவரும் அவரு சம்சாரம் அக்காவும் போலீஸ் ஸ்டேஷன் போயிருக்காங்க. அங்க இருந்தவரு முதல்ல கேட்டது என்ன தெரியுமா, "பொண்ணு யாரையாச்சும் லவ் பண்ணுதா?" அப்புறம் சொந்தக்காரங்க வீட்ல தேடுங்க, காலைல வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அவரு என் வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப கை ரெண்டும் நடுங்குது மாப்ள, என்னால மறக்கவே முடியல.

நான் கூட போனேன். சிஎஸ்ஆர் ரசீது, அதான் புகார வாங்கிக்கிட்டோம்னு தர்ற சீட்டு, போட்டுத் தர்றோம்னு சொன்னாங்க. காணாமப் போனது குழந்தை சார், 18 வயசுக்குக் கீழன்னா எஃப்ஐஆர்தான் போடணும், கடத்தல், இல்லாட்டி சுரண்டுறதுக்காக ஆள் கொண்டு போற ட்ராஃபிக்கிங்னு வெச்சுக்கிட்டுதான் விசாரணைய ஆரம்பிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2013 மே மாசமே சொல்லிருச்சேன்னு சொன்னேன். கைலாஷ் சத்யார்த்தியோட குழந்தைகள் உரிமை அமைப்பு, பச்பன் பச்சாவ் ஆந்தோலன், போட்ட கேஸ் அது. 24 மணி நேரம் பாக்கணும்னு ஒரு சட்டமும் கிடையாது, ஆனா ஊரே அப்படித்தான் நம்புது, படிச்சவங்க கூட. எல்லை வேற ஸ்டேஷன்னு சொல்லி திருப்பி அனுப்பவும் முடியாது, 2024 ஜூலைல இருந்து நடைமுறைல இருக்கிற புதுச் சட்டத்துலயே ஜீரோ எஃப்ஐஆர் இருக்கு, எந்த ஸ்டேஷன்லயும் போடலாம். எஃப்ஐஆர் போடலன்னா எஸ்பிக்கு எழுதலாம். இதெல்லாம் அந்த அண்ணனுக்கு எப்படிடா தெரியும்?

நொய்டா பக்கத்துல நிட்டாரி நினைவிருக்கா உனக்கு? 2005, 2006ல ஏழைங்க வீட்டுப் பிள்ளைங்க ஒண்ணொண்ணா காணாமப் போச்சு, பெத்தவங்க ஸ்டேஷனுக்கு நடையா நடந்தாங்க, ஓடிப்போயிருக்கும்னு சொல்லித்தான் திருப்பி அனுப்பினாங்க. 2006 டிசம்பர் கடைசில சாக்கடைல அந்தப் பிள்ளைங்க எலும்பு எடுத்தப்பதான் நாடே திரும்பிப் பாத்துச்சு. அன்னிக்கு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப எனக்கு அதேதான் ஓடுச்சு, வெளிய சொல்லல.

நல்லவேளையா பத்தரைக்கு ஒரு பெண் எஸ்ஐ டியூட்டிக்கு வந்தாங்க. ஒரு வார்த்தை கடுசா பேசல. அக்காவ தனியா உக்கார வெச்சு என்ன டிரஸ், என்ன செருப்பு, கைல காசு எவ்வளவு, யார் கூட சண்டைன்னு கேட்டு எழுதினாங்க. எஃப்ஐஆர் போட்டாங்க, வயர்லெஸ்ல சொன்னாங்க, ரயில்வே போலீசுக்கு போட்டோ அனுப்பணும்னாங்க. அங்கதான் சிக்கினோம். அவங்ககிட்ட இருந்தது மூணாங்கிளாஸ் ஐடி கார்டு போட்டோதான், இப்ப இருக்கிற முகமே இல்ல அதுல. டியூஷன் டீச்சர எழுப்பி அவங்க போன்ல இருந்த ஆண்டுவிழா போட்டோவ வாங்கினோம். பஸ் ஸ்டாண்ட் சிசிடிவிய ராத்திரியோட ராத்திரியா பாத்தாங்க, காலைல வந்திருந்தா கேட்க ஆளே இருந்திருக்காது.

நாலு மணிக்கு திருச்சி ஜங்ஷன்ல பிளாட்பாரத்துல தனியா உக்காந்திருந்த பிள்ளைய ரயில்வே பாதுகாப்புப் படை, ஆர்பிஎஃப்ல ஒரு லேடி பாத்துப் பேசிருக்காங்க, அந்த போட்டோதான் பொருந்துச்சு. கணக்குல ஃபெயில், அப்பாகிட்ட காட்ட பயம், சென்னைக்கு ஏறிடலாம்னு கிளம்பிருக்கு. அவ்வளவுதான் காரணம். அடுத்த ரயில் சென்னைக்குப் போயிருந்தா யாரு கைல மாட்டிருக்கும்னு யோசிச்சா இப்பவும் வயிறு கலங்குது. குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தி, விசாரிச்சு, அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினாங்க.

அந்த எஸ்ஐ மாதிரி ஆள் எல்லா ஸ்டேஷன்லயும் இருக்கணும்டா. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைங்களுக்குன்னு ஒரு அதிகாரி இருக்கணும்னு சட்டமே இருக்கு, ஆனா அன்னிக்கு ஒன்பது மணிக்கு அந்த அண்ணன் முன்னாடி அப்படி யாரும் இல்லையே. பத்தரை வரைக்கும் போன அந்த ஒன்றரை மணி நேரத்த யாரு திருப்பித் தருவா?

நீ ஒண்ணு பண்ணு மாப்ள. பசங்களோட இந்த மாசத்து போட்டோ ரெண்டு எடுத்து வெச்சுக்க, மச்சம் எங்க இருக்குன்னு தங்கச்சிகிட்ட கேட்டு எழுதி வை, குழந்தைங்க உதவிக்கான 1098 நம்பர பசங்களுக்கே மனப்பாடம் பண்ணிக் குடு. ஏதாச்சும் ஆனாத்தான் இதெல்லாம் தேடுறோம்.

நேத்து அந்தப் பொண்ணுதான் துணி கொண்டு வந்து குடுத்துச்சு, அப்பா பின்னாடியே நடந்து வந்தாரு. நான் ஒண்ணும் கேக்கல. கணக்கு சொல்லித் தர்றியா மாமான்னு அதுவே கேட்டுச்சு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருக்கேன்.

உன் பழைய பெஞ்ச் கூட்டாளி