ஜாதகம் அல்ல, கோசாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ரத்தப் பரிசோதனைக் கட்டுரையில், 'ஒரு சொட்டு ரத்தம் போதும், உங்கள் மரபணுக்களின் ஜாதகமே தெரிந்துவிடும்' என்று ஒரு வரி. 31 வருஷம் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தே பிழைத்தவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஜோதிடத்தில் எனக்குப் பிடிப்பு கிடையாது. ஆனால் உவமையை ஆரம்பித்தவர் கட்டுரையாளர்தானே, அதையே பிடித்துக்கொள்கிறேன். மரபணு வரிசைதான் ஜாதகம்: பிறவியில் எழுதியது, என்று எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதேதான். கட்டுரை விவரிக்கும் பரிசோதனையோ மரபணு வெளிப்பாட்டை அளக்கிறது. எந்த மரபணுவிலிருந்து இந்த நேரத்தில் எவ்வளவு ஆர்.என்.ஏ. (மரபணுவின் வேலை நகல்) படியெடுக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு அது. அதைக் கோசாரம், அதாவது கிரகங்கள் இன்றைக்கு எங்கே நிற்கின்றன என்ற கணக்கு, என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நோய்நொடி இல்லாதவர்களிடமே இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை வேறுபடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நலமாக இருந்த 75 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2003-ல் இதை வெளியிட்டார்கள். வெள்ளணு வகைகளின் விகிதம், ஆணா பெண்ணா, வயது, ரத்தம் எடுத்த வேளை எல்லாமே முடிவில் தெரிந்தன. வேளை எப்படி நுழைகிறது என்றால், வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் இரவில் ரத்தத்தில் கூடுதலாகச் சுற்றும். காலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்போது குறையும். எந்த அணுவுக்குள்ளும் எதுவும் மாறாமலே, கலவை மாறியதால் மட்டும் எண் மாறிவிடும். இட்லி மாவில் உளுந்து கூடியதற்கு அரிசியைக் குறை சொல்வது போலத்தான்.

தூக்கமும் உண்டு. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு வாரம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கவைத்தார்கள். 711 மரபணுக்களின் வெளிப்பாடு ஏறியோ இறங்கியோ இருந்ததாக 2013-ல் எழுதினார்கள். நைட் டூட்டி முடித்து வரும் நர்ஸிடம் சாம்பிள் எடுத்தால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பருவம் இன்னொன்று. கேம்பிரிட்ஜ் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐரோப்பாவில் அழற்சி சார்ந்த மரபணுக்கள் குளிர்காலத்தில் முனைப்பாக இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் காம்பியாவிலோ, ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தை ஒட்டி ரத்த அணுக்கள் மாறுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் ஊர்க்காரனை ஐரோப்பாக்காரரின் அளவுகோலில் வைத்துப் பார்ப்பது எப்படிச் சரியாகும்?

கட்டுரையில் டியூபைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. சுகர் பார்க்கச் சாம்பல் மூடி டியூப் எதற்கு? வெளியே எடுத்த பிறகும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஃபுளோரைடு அதைத் தடுக்கிறது. ஆர்.என்.ஏ. இன்னும் மோசம். சாதாரண ஊதா மூடி டியூபில் எடுத்து வைத்தால் அணுக்கள் புதிய சூழலுக்கு ஏற்ப மரபணுக்களை ஏற்றி இறக்கும், பழைய ஆர்.என்.ஏ. சிதையும். அதனால்தான் எடுத்த நொடியே நிலைப்படுத்தும் திரவம் உள்ள தனி டியூப்கள் வந்தன. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பத்து மணிக்கு எடுத்த சாம்பிள் ஒரு மணி ஆட்டோவுக்காக மேசையிலேயே கிடக்கும், அதுவும் சித்திரை வெயிலில். அந்த ரத்தத்தில் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்திருந்தால் நோயாளியைவிட மேசையைப் பற்றித்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

பரிசோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் தன் ரத்தத்தையே 14 மாதங்களில் 20 தடவை எடுத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார். இடையில் ஒரு வைரஸ் தொற்று வந்தது. அதை அடுத்துச் சர்க்கரை ஏறி, நீரிழிவு தொடங்குவதை அவரே கண்டார். உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றி அதைக் கீழே கொண்டுவந்தார். ஒருவரின் நேற்றைய ரத்தத்தோடு அவருடைய இன்றைய ரத்தத்தை ஒப்பிட்டதால் கிடைத்த பலன் இது. ஒரே தடவை எடுத்ததில் இது அகப்பட்டிருக்குமா?

கட்டுரையாளர் தொடர் எழுதப்போவதாகக் குறிப்பு இருக்கிறது. அடுத்த பகுதியில் எந்தப் பரிசோதனை முடிவைக் காட்டினாலும், எத்தனை மணிக்கு, எந்த மாதத்தில், எந்த டியூபில் எடுத்தது என்று கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
பாளையங்கோட்டை.