நாடகப் பட்டறைக்கு ஒரு கொப்பியும் பேனையும்

ஆசிரியருக்கு,

தமிழ்மொழித் தினப் போட்டிக் காலம் வந்தால் சிறுகதையை மேடைக்குக் கொண்டுவரும் யோசனை பாடசாலைகளில் தானாக எழும். எழுத்துருவை ஒருவர் வீட்டிலிருந்து எழுதி வராமல், பட்டறை வைத்துக் கூடி உருவாக்க விரும்புவோரும் திருகோணமலையில் உண்டு. நல்ல விருப்பம். ஆனால் இத்தகைய பட்டறைகள் மூன்றாம் நாளே விளையாட்டாகிக் கரைந்துவிடுவது நடிகர்களால் என்று பழி சொல்கிறோம். எழுதிவைக்க ஆளில்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

கதையைத் தெரிவுசெய்யும்போதே நீளத்தைப் பாருங்கள். மேடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் பேசலாம். அரைமணி நாடகத்தில் 10 நிமிடமாவது பேச்சில்லாமல் போகும் என்பதால் 2,000 சொல்லுக்கு மேல் உரையாடல் தாங்காது. எழுத்தாளர் உயிரோடு இருந்தால் கடிதமாகவே அனுமதி வாங்க வேண்டும். முடிவை மாற்றலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை நீடிக்கும். பாடசாலை நாடகம்தானே என்று விட்டால், அதே நாடகம் வெளியே மேடையேறும்போது வில்லங்கம் வரும்.

12 முதல் 15 பேர், மூன்று மணி நேரப்படி ஆறு அமர்வு போதும். ஆள் கூடினால் பாதிப்பேர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் அமர்வில் நடிப்பே வேண்டாம். கதையை இருமுறை உரத்து வாசித்து, பிரதியில் மூன்று நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள்: கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, பாத்திரத்தின் மனதுக்குள் மட்டும் நடப்பது. மூன்றாவது நிறம்தான் தலையிடி.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலத்துக் கதை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். "பாதை அக்கரைக்குப் போய்விட்டது. வாப்பாவுக்கு மருந்து எப்போது போய்ச் சேருமோ என்று அவன் யோசித்தான்" என்று அதில் ஒரு வரி. அவசரக்காரர் இதை "ஐயோ, வாப்பாவுக்கு மருந்து எப்ப போய்ச் சேரும்!" என்று வசனமாக்குவார், சபை சிரிக்கும். இன்னொருவர் எடுத்துரைஞரை நிறுத்தி வரியை அப்படியே வாசிக்கவைப்பார். அது வானொலி நாடகம். நாலு பேரைத் துறையடியில் நிறுத்தி, அவன் கையில் ஒரு மருந்துப் போத்தலைக் கொடுத்து, மூன்று நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். போத்தலைச் சாரத்து மடியில் செருகுவான், எடுப்பான், மூடியை இறுக்குவான், திரும்பவும் செருகுவான். பக்கத்தில் நிற்பவர் தாங்காமல் "ஆருக்கு மருந்து?" என்று கேட்டுவிடுவார். "வாப்பாக்கு." காட்சிக்கு அவ்வளவு வசனம் போதும்.

பாதையைக் கண்டிராத பிள்ளைகளுக்கு, அதில் எப்படி ஏறினார்கள், எங்கே நின்றார்கள் என்று மூத்தவர் ஒருவரை அழைத்துச் சொல்லவைக்க வேண்டும். அத்தோடு, 2021 நவம்பரில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் மாணவர்கள் சென்ற பாதை கவிழ்ந்ததை மறந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் உள்ள குழுவில் தண்ணீர்க் காட்சியைத் திடுதிப்பென்று நடிக்கச் சொல்லக் கூடாது. விலகி நிற்க விரும்பும் பிள்ளைக்குத் தாளமோ குறிப்பெழுதும் வேலையோ கொடுக்கலாம். பேச்சுவழக்கிலும் கவனம் தேவை. கிண்ணியாப் பேச்சை நகரத்துப் பிள்ளை பாவனை செய்தால் பகிடியாகிவிடும். அந்த ஊர்ப் பிள்ளையே பேசட்டும். பிறகு உட்கார்ந்து அதை எழுத்துத் தமிழாகத் திருத்த வேண்டாம்.

இனி அந்தக் கொப்பி. ஒவ்வோர் அமர்விலும் இருவர் நடிக்காமல் எழுத வேண்டும், ஒருவர் பேச்சை, மற்றவர் அசைவையும் நின்ற இடத்தையும். போனில் பதிவு இருக்கிறதே என்று விட்டால், மூன்று மணி நேரப் பதிவை யார் இருந்து கேட்பது? அன்றிரவே பிரதியாக்காவிட்டால் மறுநாள் நடிகர் வேறு சொல்லைச் சொல்வார். முதல் நாள் பளிச்சென்று வந்தது போனது போனதுதான். நாலாம் அமர்வோடு புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, தொகுக்கும் வேலையை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். எல்லோருடைய யோசனையையும் மரியாதைக்காக வைத்துக்கொண்டால் அரைமணி நாடகம் ஒன்றரை மணியாகும். வெட்டுப்பட்டவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதைத் தாங்கத்தான் வேண்டும். மூலக்கதை, பட்டறைக் குழு, தொகுப்பு என்று யார் பெயர் எங்கே வரும் என்பதை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிச் சண்டை வராது.

ஐந்தாம் அமர்வு எழுத்துருவோடு ஒத்திகை. ஆறாவது, கதையை வாசிக்காத பத்துப் பேருக்கு முன்னால். முடிந்ததும் "நல்லா இருந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள், பயனில்லை. "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். மருந்து யாருக்கென்று சொல்லத் தெரியாவிட்டால் திரும்பத் துறையடிக் காட்சிக்குத்தான் போக வேண்டும்.

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். பட்டறை வழியாக வந்த நாடகம் என்று சொல்லும் குழுவிடம் இறுதி எழுத்துருவோடு அந்தக் கொப்பியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நாடகப் பயிற்றுநர்கள் சிலர்,
திருகோணமலை.