கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற போயா விடுமுறையன்று மகளின் பிள்ளையை மட்டக்களப்பு, புளியந்தீவுக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவலாக அந்த வாயிலால் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன். சுவரைச் சுற்றி நடந்து பார்த்தது அன்றுதான். "கோட்டை என்றால் வானம் முட்ட உயர்ந்திருக்குமே அம்மப்பா, இது ஏன் குட்டையாக இருக்கிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவன் படங்களில் பார்த்தவை ஐரோப்பாவின் மத்தியகாலக் கோட்டைகள். ஏணி வைத்து ஏறுபவனைத் தடுக்க அவற்றை உயர்த்திக் கட்டினார்கள். பீரங்கி வந்த பிறகு உயர்ந்த சுவர் குண்டுக்கு இலகுவான குறியாகிவிட்டது. அதனால் சுவரைத் தாழ்த்தித் தடிப்பாக்கினார்கள். 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கட்டியதும் அந்த முறைதான். யாழ்ப்பாணக் கோட்டை ஐங்கோணம், நம்முடையது நாற்கோணம். நான்கு மூலையிலும் கொத்தளங்கள் வெளியே துருத்தி நிற்கின்றன. சுவரோடு ஒட்டி வருபவனை அடுத்த கொத்தளத்திலிருந்தே சுட்டுவிடலாம். பதுங்க இடமே கிடையாது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. இவ்வளவும் இருந்தும் 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்துவந்த ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே.

மேசன் வேலை செய்தவன் கண் கல்லிடுக்கைத்தான் தேடும். ஓரிடத்தில் விரலளவு அரசங்கன்று நின்றது, மூன்றே இலை. பேரன் பிடுங்கப் போனான்; கையைப் பிடித்து நிறுத்தினேன். வேர் உள்ளே ஓடியிருந்தால், இழுக்கும்போது கல்லும் சேர்ந்து பெயரும். தண்டை வெட்டி, வேரை மெல்லப் பட்டுப்போகச் செய்ய வேண்டும். மாரி தொடங்குமுன் செய்தால் வேலை சிறிது.

இன்னொன்று, இதற்காகவே எழுதுகிறேன். இந்தச் சுவரில் எங்கே பழுது பார்த்தாலும் சீமெந்து வைக்க வேண்டாம். என் தகப்பனார் கட்டிய சுண்ணாம்புச் சுவருக்கு நானே சீமெந்து பூசினேன். இரண்டு மாரி கழிய, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. பின்னாலிருந்த செங்கல் கைபட்டதும் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து அதை உள்ளேயே அடைத்து வைக்கும். வாவிக் காற்றின் உப்பு படியும் கோட்டைக்கு அது இன்னும் கேடு.

சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, பதம் பார்த்துக் குழைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். பொறுப்பானவர்கள் அவர்களை அழைத்து, இளம் மேசன்மார் நான்கு பேரையாவது பக்கத்தில் நிறுத்திப் பழக்க வேண்டும். கூப்பிட்டால் நானும் வருவேன், கூலி வேண்டாம்.

ஓய்வுபெற்ற மேசன்,
ஆரையம்பதி.