வேலியோரத்துப் பச்சைச் செடி

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதமும் புது வீட்டுத் தோட்டத்தின் படங்களும் வந்து சேர்ந்தன. நிழல் விழும் பக்கத்தில், வேலியை ஒட்டி நிற்கும் அந்தப் பச்சைச் செடியைக் குறிப்பிட்டு, "முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஏதோ ஒரு புதர். அடுத்த வாரம் தோண்டி எடுத்துவிட்டு, வெள்ளைக் கரை போட்ட ஹோஸ்டா வாங்கி வைக்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். தம்பி, நீ தோண்டி எறியப் பார்ப்பதும் ஹோஸ்டாதான். நிழலில் இலையழகுக்காக வளர்க்கும் அதே செடி, கரையும் கோடும் இல்லாத முழுப்பச்சை வகை. தூரின் அகலத்தைப் பார்த்தால் பத்து ஆண்டுகளுக்குக் குறையாத வயது இருக்கும் என்று தோன்றுகிறது. மண்வெட்டியை எடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிடு.

முதன்முதலில் ஹோஸ்டா வாங்கப் போனபோது எனக்கும் இதே கண்தான் இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்பது போல, இலையில் வெள்ளை எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயர்ந்த செடி என்று நினைத்து, நடுவில் வெள்ளையும் ஓரத்தில் மெல்லிய பச்சையும் உள்ள ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். மூன்றாம் ஆண்டில் அதன் ஒரு பக்கத்திலிருந்து முழுப்பச்சையாக ஒரு குருத்து கிளம்பியது. அப்படி வந்தால் உடனே வெட்டிவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நானும் வேரோடு அறுத்தெடுத்து, மட்கு குவியலுக்குப் பின்னால் வீசிவிட்டேன்.

அவர்கள் சொன்னது தவறு அன்று. வரி இலை ஹோஸ்டாவின் வளர்நுனியில் செல்கள் படலம் படலமாக அடுக்கியிருக்கும். அவற்றுள் ஏதோ ஒரு படலத்தில் பச்சையம் உண்டாக்கும் திறன் சடுதி மாற்றத்தால் கெட்டுப்போயிருப்பதால், அந்தப் படலத்திலிருந்து உருவாகும் இலைப்பகுதி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிகிறது. வெள்ளைப் பகுதியால் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்க முடியாது. பச்சைப் பகுதிதான் அதற்கும் சேர்த்து உழைத்துப் போட வேண்டும். படலங்கள் இடம் மாறி முழுப்பச்சைக் குருத்து ஒன்று வந்துவிட்டால், சுமை இல்லாத அந்தக் குருத்து மற்றவற்றை முந்திக்கொண்டு சில ஆண்டுகளில் தூர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வரி இலை வேண்டும் என்பவர்கள் அதை வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய துண்டைக் குப்பை என்று நினைத்ததுதான் என் பிழை. வெள்ளைச் செடி இன்றும் ஒரு கையகலத்துக்கு மேல் வளராமல் அப்படியே நிற்கிறது. குவியலுக்குப் பின்னால் விழுந்ததோ ஒருவர் கையும் படாமல் வேர் பிடித்து வளர்ந்தது. நீ சிறுவனாக இருந்தபோது தொலைத்த பந்தைத் தேடி, மழைநீர் முழுவதும் சட்டையில் கொட்டும்படி ஒரு செடிக்குள் தோள்வரை கையை விட்டாயே, நினைவிருக்கிறதா? அந்தச் செடிதான் இது.

உன்னிடம் இருப்பதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வரி இலைச் செடியைப் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்து முடித்துவிடலாம். பச்சைச் செடிக்கு அருகில் போய்க் குனிய வேண்டும். நிறத்தில் கண்ணைப் பறிக்க எதுவும் இல்லாததால், இலையின் வடிவம், நரம்பு, பளபளப்பு, காம்பு வளையும் விதம், ஓரத்து நெளிவு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். ஹோஸ்டாவின் நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடப்பதில்லை. அடியிலிருந்து புறப்பட்டு, வெளிப்பக்கமாக வளைந்து, நுனியில் ஒன்றுகூடுகின்றன. நடு நரம்பின் ஒரு பக்கத்தில் எத்தனை நரம்புகள் என்று எண்ணிப் பார். இளஞ்செடியில் குறைவாகவும் முதிர்ந்த தூரில் கூடுதலாகவும் இருக்கும். இனம் பிரித்தறியவும் இந்த எண்ணிக்கை உதவுகிறது. சில வகைகளில் நரம்புகள் ஆழமாகப் பதிந்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மேடாக எழும்பி, உழுத நிலம் போலத் தோன்றும். மழை ஓய்ந்த பிறகு அந்தச் சால்களில் நீர் வரிசையாக நிற்பதையும், காற்று ஒரு முறை அசைத்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் நுனிக்கு ஓடிச் சொட்டுவதையும் பார்த்துக்கொண்டு நின்றதில் எத்தனையோ காலை வேலைகளை நான் கெடுத்திருக்கிறேன்.

பச்சை என்ற ஒரு சொல்லும் போதாது. என் தோட்டத்தில் கிளிப்பச்சை இருக்கிறது, பாசிப்பச்சை இருக்கிறது, மாலையில் பார்த்தால் கருமை என்றே சொல்லத்தக்க கரும்பச்சையும் இருக்கிறது. ஹால்சியன் என்னும் நீல ரகத்திலிருந்து பிறந்த டெவன் கிரீன் அந்தக் கரும்பச்சையில் ஒன்று. எண்ணெய் தடவியது போல மின்னும். நீல ஹோஸ்டாக்களின் நீலமும் இலையின் சொந்த நிறம் அன்று, மேலே படிந்த மெழுகுப் பூச்சுதான். கட்டை விரலால் தேய்த்தால் அடியில் பச்சை தெரியும். மழையும் வெயிலும் பட்டுக் கோடை முடிவதற்குள் அந்தப் பூச்சு கரைந்து, நீலம் என்று காசு கொடுத்து வாங்கியவர்களின் செடியும் பச்சையாகிவிடும். இதைச் சொல்லி என் தோழிகளைச் சீண்டுவது எனக்கு வழக்கம்.

ஆண்டில் ஒரு பருவத்தை மட்டும் தவறவிடாதே. பனி விலகி மண் இளகும் நாட்களில், வெறும் தரையாகக் கிடந்த இடத்தில் கூரிய முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும். ஒவ்வொரு குருத்தும் இறுக்கிச் சுருட்டிய பாயைப் போல நிமிர்ந்து நின்று, ஒரு பக்கமாக விரியத் தொடங்கும். அந்த வாரங்களில் அதன் பக்கத்தில் கால் வைக்காதே. மிதித்தால் முளை ஒடிந்துவிடும். பருவம் தப்பிய உறைபனி வரும் என்று தெரிந்தால், இரவில் ஒரு பழைய துணியையோ கவிழ்த்த வாளியையோ மூடிவைத்து, காலையில் எடுத்துவிடு.

அது எந்த வகை என்று படத்தை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பூக்கும் வரை நீ காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோடையில் மணிபோன்ற கருநீல ஊதாப் பூக்கள் வந்தால் அது ஹோஸ்டா வென்ட்ரிகோசாவாக இருக்கலாம். கோடையின் பிற்பகுதியில், விரலைவிட நீளமான வெள்ளைப் பூக்கள் மாலையில் விரிந்து மணம் வீசினால், நீ பெரிய அதிர்ஷ்டக்காரன்: அது ஹோஸ்டா பிளான்டஜினியா. ஹோஸ்டா இனங்கள் பலவும் சப்பானையும் கொரியாவையும் சேர்ந்தவை. இது சீனத்தைச் சேர்ந்தது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டது. மற்றவற்றின் பூக்கள் காலையில் விரிய, இதன் பூ மட்டும் பொழுது சாயும் வேளையில் விரியும். இன்று மணமுள்ள ஹோஸ்டா என்று விற்கப்படுவனவற்றின் வம்சத்தில் எங்கேயோ இந்தச் செடி இருக்கும். எந்தப் பூவாக இருந்தாலும் அதன் ஆயுள் ஒரு நாள்தான். தண்டில் மொட்டுகள் வரிசையாகக் காத்திருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்திரியப் பேரரசரின் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்த நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பவரின் நினைவாக 1812-இல் டிராட்டினிக் என்ற தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பிரெங்கல் என்ற இன்னொரு தாவரவியலாளர் இதற்கு ஃபங்கியா என்று வேறு பெயர் சூட்ட, அதுவே நெடுங்காலம் வழங்கியது. 1905-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில்தான் ஹோஸ்டா என்பது நிலைபெற்றது. பக்கத்து வீட்டில் வயதான தோட்டக்காரர் யாராவது ஃபங்கியா என்று சொன்னால் அவரைத் திருத்தப் போகாதே.

வளர்ப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. காலை வெயில் இதற்கு நல்லது. உச்சி வெயிலும் பிற்பகல் வெயிலும் பட்டால் இலையின் ஓரம் தீய்ந்து காகிதமாகிவிடும். பிளான்டஜினியாவும் அதன் வழி வந்தவையும் மற்றவற்றைவிட வெயிலைத் தாங்கும் என்றாலும், அதற்கு ஈடான தண்ணீர் கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமமான நீர், இலைமேல் தெளிக்காமல் மண்ணில் ஊறும்படி விட்டால் போதுமானது. மண்ணில் இலைமட்கு நிறைய இருக்கட்டும். மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் நல்லது. இந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கமும் தேவை. சில வாரங்களாவது கடுங்குளிர் படாவிட்டால், அடுத்த பருவத்தில் சோர்ந்துவிடும். ஆகவே முதல் உறைபனியில் இலைகள் மஞ்சளாகிக் கூழ்போலச் சரியும்போது, செத்துவிட்டது என்று பதறி எனக்குத் தொலைபேசி செய்யாதே. சரிந்த இலைகளை அள்ளி அப்புறப்படுத்திவிடு, அவ்வளவுதான். அங்கேயே விட்டால் அவற்றின் அடியில் நத்தைகள் முட்டையிடும்.

நத்தை என்றதும் என் கை தானாகக் கைவிளக்கைத் தேடுகிறது. ஓடுள்ள நத்தையும் ஓடில்லா நத்தையும் ஹோஸ்டாவை விட்டுவைப்பதில்லை. குருத்து சுருண்டிருக்கும்போது நத்தை ஓர் இடத்தில் கடித்தால், எல்லாச் சுற்றுகளையும் துளைத்துவிடும். விரிந்த பிறகு இலையின் குறுக்கே ஒரே அளவான ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். வரி இலையில் அது கண்ணுக்குத் தப்பலாம். ஒரே நிறப் பரப்பில் தப்பாது. ஆகவே முளை வரும் நாட்களிலேயே தொடங்க வேண்டும். இருட்டிய பிறகு விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவது என் முறை, உன் அப்பா அதை வேட்டை என்பார். அதற்கு நேரமில்லாவிட்டால் இரும்பு பாஸ்பேட் குருணையைக் கொஞ்சமாகத் தூவலாம். தடித்த இலையுள்ள செடிகளை நத்தைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. மான் நடமாட்டம் உண்டென்றால் மட்டும் வேலியை உயர்த்துவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. வீட்டில் நாய் வளர்க்கப் போவதாகச் சொன்னாய். ஹோஸ்டா இலையைத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் வாந்தி வரும், கவனம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாற்றுப் பண்ணையில் பச்சை இலைமேல் வெளிர் தேமல் படர்ந்த ஒரு செடியைப் பார்த்து, புது ரகம் என்று மகிழ்ந்து வாங்கி வந்தேன். அது ஹோஸ்டா எக்ஸ் வைரஸ் என்னும் நோய். 1996-இல்தான் இது இனங்காணப்பட்டது. அதற்கு முன் நோய் பிடித்த செடிகளுக்கே பெயர் சூட்டி, புது ரகங்களாக விற்றிருக்கிறார்கள் என்பதால் என் அறியாமைக்குத் துணையுண்டு. செடியின் சாறு வழியாக, அதாவது நம் கத்தி வழியாகவே இது பரவுகிறது, மருந்து இல்லை. அந்தச் செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போட்டேன், மட்கு குவியலில் போடவில்லை. ஒரு செடியை அறுத்த கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த செடியைத் தொடாதே.

உன் வேலியோரத்துச் செடியில் அப்படி எந்தத் தேமலும் தெரியவில்லை. வரி இலை வேண்டும் என்ற ஆசையை நான் தடுக்கவில்லை. பச்சைக்குப் பக்கத்தில் வை, இரண்டுமே எடுபடும். ஆனால் இப்போது வாங்கும் செடி முழு உருவத்துக்கு வர ஐந்து ஆண்டுகளாவது ஆகும். எம்பிரஸ் வூ போன்ற, ஒரே இலை 45 சென்டிமீட்டர் நீளம் போகும் பச்சை ராட்சசிக்கு இன்னும் கூடுதலான காலம் வேண்டும். அந்தக் காலத்தை யாரோ உனக்காகக் கழித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வரும் இளவேனிலில் உன்னிடம் வருகிறேன். முளை விரல் உயரம் வந்ததும் தூர் பிரிப்பதுதான் எளிது. மட்கு குவியலுக்குப் பின்னாலிருக்கும் நம் செடியிலிருந்து மூன்று முளை கொண்ட ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவேன். அதற்கு ஓர் இடம் பார்த்து வை: காலை வெயில் படும், பிற்பகலில் நிழல் விழும் இடம்; பெரிய மரத்தின் வேர்கள் நெருங்காத இடமாகவும் இருக்கட்டும். குழி ஒரு முழம் அகலம் இருந்தால் போதும், ஆழம் அவ்வளவு வேண்டாம். அதுவரை வேலியோரத்துச் செடி என்ன பூக்கிறது என்று பார்த்து, நிறத்தையும் விரிந்த வேளையையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் அம்மா