முதல் ஸ்கோப் வாங்குகிறவர்களுக்கு, ஒரு கண்ணாடிக் கடையிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளத்துக்கரைகளில் பறவை பார்க்கப் போய்விடுவேன். இந்த இரண்டும் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதால், பவர் பார்க்க வருகிறவர்களில் சிலர் கிளம்பும்போது செல்போனை நீட்டி, "அண்ணாச்சி, இதை வாங்கலாமா?" என்று ஏதாவது ஒரு ஸ்கோப் (தூரத்தில் இருப்பதை ஒற்றைக் கண்ணால் பெரிதாகப் பார்க்கிற குழாய்க் கருவி) விளம்பரத்தைக் காட்டுகிறார்கள். சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் காட்டியதில் '10-300x40' என்று போட்டிருந்தது. முன்னூறு மடங்கு பெரிதாகத் தெரியுமாம். விலை இரண்டாயிரத்துக்கும் கீழே. நிலாவின் பள்ளங்கள் பளிச்சென்று தெரிவதுபோல ஒரு படம் வேறு.

அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்கள் வாசகர்களுக்கும் எழுதுகிறேன். நான் ஸ்கோப் விற்பதில்லை, எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்டும் இல்லை.

அந்த 40 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அதை மடங்கு எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 300-ஆல் வகுத்தால் 0.13 மி.மீ. நல்ல வெயிலில் சுருங்கியிருக்கும்போதும் நம் கண் பாப்பா இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆக, அந்தக் கருவி உண்மையிலேயே முன்னூறு மடங்கு காட்டினாலும் தெரியப்போவது இருட்டுதான். உண்மையில் அது அத்தனை மடங்கெல்லாம் காட்டுவதும் இல்லை.

ஒழுங்கான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கும் இதே கணக்குதான். முதல் ஸ்கோப்பாகப் பலர் பார்ப்பது '20-60x60' வகை. 20 மடங்கில் 3 மி.மீ., 60 மடங்கில் 1 மி.மீ. முதலாவதில் படம் வெளிச்சமாக இருக்கும். இரண்டாவதில் மங்கிப்போய், பறவை இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு தெரியும். போதாக்குறைக்குக் கானல் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் காலை ஒன்பது மணி தாண்டினால் பாத்திகளின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். லட்ச ரூபாய் ஸ்கோப் வைத்திருப்பவருக்கும் அந்த நேரத்தில் பறவை நெளிந்துதான் தெரியும். அதனால் 20 முதல் 30, மிஞ்சிப்போனால் 40 மடங்கு வரை படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கு மேலே உள்ள எண் பெட்டிக்கு அழகு.

எல்லோருக்கும் ஸ்கோப் தேவையா என்றால் இல்லை. முண்டந்துறைக் காட்டில் மரத்துக்கு மரம் தாவுகிற பறவையை ஸ்கோப்பில் பிடிப்பதற்குள் அது அடுத்த மலைக்குப் போயிருக்கும். அங்கே 8x42 பைனாகுலர் போதும். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டுகின்றன, அதற்கு வெறும் கண்ணே போதும். ஆனால் விஜயநாராயணம் பெரியகுளம் நிறைந்து கிடக்கும்போது நடுவில் மிதக்கும் வாத்துக் கூட்டம் பைனாகுலரில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். அதில் எது நீலச்சிறகி, எது ஊசிவால் வாத்து என்று பிரிக்க ஸ்கோப் வேண்டும். உப்பளத்துக் கொசு உள்ளான் இன்னும் மோசம், சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கால் கறுப்பாக இருந்தால் கொசு உள்ளான், மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் டெம்மிங்க் கொசு உள்ளான். சேற்றில் நடந்துவிட்டால் இரண்டுக்கும் கால் கறுப்புதான் என்பது வேறு விஷயம். அப்போது முதுகைப் பார்க்க வேண்டும், அதற்கும் ஸ்கோப்தான். வரித்தலை வாத்துகளில் சிலவற்றுக்கு மங்கோலியாவில் கழுத்துப்பட்டை போட்டு அனுப்புகிறார்கள். அப்படிப் பட்டை போட்ட வாத்துகள் நம் பக்கத்துக் குளங்களுக்கும் வந்திருக்கின்றன. அந்தப் பட்டையில் உள்ள எழுத்தை வாசித்தால்தான் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் லென்ஸும் பட்டகமுமாகப் பன்னிரண்டு பரப்புகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், கோட்டிங் இல்லாத நிலையில் ஏறக்குறைய நாற்பது சதவீத வெளிச்சம் வழியிலேயே போய்விடும். ஆகவே பெட்டியில் 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' (எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு என்று அர்த்தம். கடையில் ஆன்ட்டி ரிஃப்ளெக்‌ஷன் கண்ணாடியைச் சோதிப்பதுபோலவே இதையும் சோதிக்கலாம். முன் லென்ஸை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன ட்யூப்லைட்டுகள் தெரியும். அவை எல்லாம் மங்கலான பச்சை, ஊதா என்று இருந்தால் நல்லது. நடுவில் ஒன்று இரண்டு பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்புகளில் பூச்சு இல்லை.

அப்புறம், ஸ்கோப்பை ஓர் அடி தள்ளிப் பிடித்துக் கண் வைக்கும் துளையைப் பாருங்கள். உள்ளே ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் பட்டகத்துக்கு மட்டமான கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

'ED' என்று போட்ட விசேஷக் கண்ணாடி உள்ள ஸ்கோப் கூடுதல் விலை. அதன் வேலை, வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் தெரிகிற ஊதாக் கோட்டைக் குறைப்பது. எங்கள் ஊரில் ஊசிக் கோபுரத்தின் நுனியை வானத்துப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு உடனே தெரிந்துவிடும். 25 மடங்கில் அது பெரிய தொந்தரவு இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்த இரண்டு எழுத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் கண்ணாடி கண்ணிலிருந்து 12 முதல் 14 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஸ்கோப்பின் 'ஐ ரிலீஃப்' (முழுப் படமும் தெரிய, கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) அதைவிடக் குறைவாக இருந்தால் ஓரமெல்லாம் கறுத்து, சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். குறைந்தது 15 மி.மீ. கேளுங்கள். ஜூம் கூட்டும்போது சிலவற்றில் இந்த எண் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். உங்கள் சீட்டில் வெறும் மைனஸோ பிளஸ்ஸோ மட்டும் இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம், ஃபோகஸைத் திருப்பினால் ஸ்கோப்பே அதைச் சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசம் என்ற குறைக்குக் கொடுப்பது) இருந்தால் முடியாது, எவ்வளவு திருப்பினாலும் படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். வாங்குவதற்கு முன் ஒருமுறை உங்கள் பவர் சீட்டை எடுத்துப் பாருங்கள். எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள்தான் அதிகம்.

60, 65 மி.மீ. வாங்குவதா, 80 மி.மீ. வாங்குவதா? 80 மி.மீ. லென்ஸ் 60-ஐவிட ஏறக்குறைய 1.8 மடங்கு வெளிச்சம் வாங்கும் என்பது உண்மை. ஆனால் கனம். அதைத் தாங்கப் பெரிய ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் கனம். டவுன் பஸ்ஸில் நாங்குநேரிப் பக்கம் இறங்கி வரப்பில் நடக்கிறவர்களுக்கு 60 அல்லது 65 தான் சரி. கார் வைத்திருப்பவர்கள் 80 வாங்கிக்கொள்ளட்டும்.

கண் வைக்கும் பகுதி 45 டிகிரி சாய்ந்திருக்கும் வகை, நேராக இருக்கும் வகை என்று இரண்டு உண்டு. நான் சாய்ந்ததைத்தான் சொல்வேன். எட்டாம் வகுப்புப் பையனும் ஆறடி ஆசாமியும் ஸ்டாண்டை ஏற்றி இறக்காமல் மாறி மாறிப் பார்க்கலாம். ஸ்டாண்டும் தாழ்வாக நிற்பதால் ஆட்டம் குறையும். இதில் ஒரே கஷ்டம், முதலில் பறவை எங்கே என்று பிடிபடாது. ஸ்கோப்பின் குழாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கி, அதன் வால் துண்டு ஓர் அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிவிடுங்கள். 20 மடங்கில் நடுவில் தெரிகிற மரத்துக்கு நேராக அதைத் திருப்பி வைத்துக்கொண்டால் துப்பாக்கிக் குறிபோல வேலை செய்யும். ஒரு ரூபாய்ச் செலவு.

ஸ்டாண்ட் விஷயத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. கையில் இருக்கிற காசு முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, செல்போனுக்கு விற்கிற குச்சி ஸ்டாண்டில் அதை ஏற்றுகிறார்கள். 30 மடங்கு பெரிதாக்கும் கருவி ஆட்டத்தையும் 30 மடங்கு பெரிதாக்கும். குளத்துக் காற்றில் வாத்து நடனமாடும், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், ஸ்கோப் பரணுக்குப் போகும். இருபதாயிரம் இருந்தால் ஆறேழாயிரத்தை ஸ்டாண்டுக்கு ஒதுக்குங்கள். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் உருண்டைத் தலை வேண்டாம், ஒரு திருகைத் தளர்த்தினால் ஸ்கோப் மூக்குக் குப்புறக் கவிழும். கைப்பிடி வைத்து மெதுவாகத் திருப்புகிற வீடியோ ஹெட்தான் வேண்டும். புதிதாக வாங்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்களில் கேட்டுப் பாருங்கள். கேமராக்கள் சின்னதாகிவிட்டதால் பழைய கனமான ட்ரைபாட்களை மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்கள், பேசினால் பாதி விலைக்குத் தருவார்கள். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, தலை மட்டும் இழுபறி இல்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். நடுக்கம்பை உயர்த்தாதீர்கள். காற்று அதிகமென்றால் பையில் நாலு கல்லைப் போட்டு நடுவில் தொங்கவிடுங்கள்.

வாங்கிய பிறகு பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரெக்சின் உறைக்குள் மூடி வைத்த பைனாகுலர்களை என்னிடம் கொண்டு வருகிறார்கள். லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருக்கும். முற்றிவிட்டால் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். நைட்ரஜன் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் ஸ்கோப்பில் உள்பக்கம் இந்தப் பயம் குறைவு, அதனால் அதற்கு ஐநூறு ஆயிரம் கூடக் கொடுக்கலாம். உப்பளத்துக்குப் போய்வந்தால் லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளுங்கள்.

வானியல் டெலஸ்கோப் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். ஒரு பள்ளிக்கு யாரோ நல்லெண்ணத்தில் அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் படம் தலைகீழாகத் தெரியும். நட்சத்திரத்துக்குத் தலைகீழ் என்று ஒன்று கிடையாது, நாரைக்கு உண்டு. பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது அரசுக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிகளின் தேசிய பசுமைப்படைக்கோ, சரணாலயங்களின் பார்வைக் கோபுரத்துக்கோ ஸ்கோப் வாங்கினால், டெண்டரில் மடங்கு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் 300 மடங்குக்காரர்தான் முதலில் வருவார். 60 அல்லது 65 மி.மீ., சாய்ந்த கண்பகுதி, எல்லாப் பரப்புகளுக்கும் கோட்டிங், வாட்டர்ப்ரூஃப், வீடியோ ஹெட்டோடு ஸ்டாண்ட் என்று எழுதுங்கள். தனியாக வாங்க முடியாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தும் வாங்கலாம். ஒரு குளத்துக்கு ஒரு ஸ்கோப் தாராளம்.

வாங்குவதற்கு முன் ஒன்றில் கண் வைத்துப் பார்க்க வேண்டுமானால், எங்கள் பக்கத்தில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தால் போதும். வருகிறவர்களில் யாராவது ஒருவர் ஸ்கோப் வைத்திருப்பார், கேட்டால் நகர்ந்து இடம் கொடுப்பார். கணக்கெடுப்பு முடிந்த மறுநாள் செய்தி போடுகிறீர்கள், மகிழ்ச்சி. அதற்கு ஒரு வாரம் முன்னால் எந்தக் குளம், காலை எத்தனை மணி என்று இரண்டு வரி போட்டால் இன்னும் நாலு பேர் வருவார்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர்,
பாளையங்கோட்டை