விலை ஏறாமலே ஏறும் செலவு

ஆசிரியருக்கு வணக்கம்.

மளிகைச் செலவைக் குறைக்க ‘மொத்தமாக வாங்குங்கள்’ என்கிறார்கள். இது பாதி உண்மைதான். அரைக் கிலோ பாக்கெட் இரண்டைவிட ஒரு கிலோ பாக்கெட் 10 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 கிராம் வண்டு பிடித்தோ சிக்கு வாடை அடித்தோ குப்பைக்குப் போனால் மிச்சம் பூஜ்யம். அதற்கு மேல் போனால் நஷ்டம்.

விலையை, கிராமில் உள்ள எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 100 கிராமின் விலை கிடைக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். அதே விலைக்கு 500 கிராமுக்குப் பதில் 450 கிராம் கொடுத்தால், அது 11 சதவீத விலையேற்றம். உறையின் பருமன் மட்டும் குறைவதே இல்லை!

கீரையை வாங்கிய ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டும். முட்டைக்கோஸ், கேரட் வாரக் கடைசி வரை தாங்கும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் கீரையை வைத்தால், அவை விடும் எத்திலீன் வாயுவால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். மிஞ்சிய சமையலை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, 3 நாளில் தீர்க்க வேண்டும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். அங்கேதான் கெடத் தொடங்கும். ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வைப்பது நல்லது.

செலவுக் கணக்கு நோட்டில், தூக்கி எறிந்தவற்றையும் எடையோடு எழுதிவந்தால், அடுத்த மாதம் எதைப் பாதியாகக் குறைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்