மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் இன்னோவாவை வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

2012 மாடல், 2.5 டீசல், மீட்டரில் 2,87,000 என்று எழுதியிருந்தாய். "இன்னும் எவ்வளவு ஓடும்ணே?" என்றும் கேட்டிருந்தாய். எந்த ஊர் டாக்சி ஸ்டாண்டிலும் விசாரித்துப் பார். 4 லட்சம், 5 லட்சம் தாண்டிய இதே வண்டிகள் இன்னும் சபரிமலைக்கும் திருப்பதிக்கும் சவாரி போகின்றன. அந்த 2,494 சிசி எஞ்சின் வயதால் விழுவது குறைவு. ஆயில் போய்ச் சேராமலோ சூடேறியோதான் விழும். அந்த இரண்டுக்கும் முன்னறிகுறி உண்டு. இந்தக் கடிதம் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

முதலில் ஒன்று. விற்றவர் வாயால் சொன்ன எதையும் கணக்கில் சேர்க்காதே. பில் இருந்தால் வேலை நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை என்று வைத்துக்கொள். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டில் இது உயிர்ப் பிரச்சினை. மீட்டரில் எரியும் பெல்ட் விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதல்ல, ஓடிய தூரத்தை எண்ணி எரிவது. பெல்ட் மாற்றாமலே அதை ரீசெட் செய்து அணைத்துவிடலாம். பெல்ட் அறுந்தால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் மேலே வந்து வால்வை முட்டும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். வாங்கிய வாரமே பெல்ட், அதைத் தாங்கி உருளும் ஐட்லர், இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்று. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஐட்லரை விட்டால், அதன் பேரிங் இறுகிப் புது பெல்ட்டையும் தின்றுவிடும். அதன் பிறகு 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும்.

அடுத்ததைச் சற்று நிதானமாகப் படி. இந்த எஞ்சினில் பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு சின்னக் காப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கும். நாலு சிலிண்டருக்கு நாலு. எரியும் வாயு மேலே ஏறாமல் தடுப்பது அதன் வேலை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் சூட்டில் அது தட்டையாகி இறுகிப்போகும்போது வாயு பக்கவாட்டில் கசியும். மற்ற பல எஞ்சின்களில் இப்படிக் கசிந்தால் வெளியே கருப்பாகத் தெரிந்துவிடும். இதில் இன்ஜெக்டரின் அடிப்பகுதி எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள்ளே இருப்பதால், கசியும் கரி நேராக ஆயிலில் கலக்கிறது. ஆயில் தார் போலக் கெட்டியாகி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வலையில் போய்ப் படிகிறது. வலை அடைத்தால் பம்ப்பால் ஆயிலை உறிஞ்ச முடியாது. ஹைவேயில் நல்ல வேகத்தில் போகும்போது பேரிங் காய்ந்து எஞ்சின் சீஸ் ஆகும், அதாவது இறுகி நின்றுவிடும். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கும்போதே இது நடக்கும் என்பதால்தான், "ஆயில் ஃபுல்லா இருந்துச்சே" என்று ஷெட்டில் தலையில் கைவைத்து நிற்கிறார்கள்.

அறிகுறிகள் இவை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர் விளக்கு ஓரிரு நொடியில் அணைய வேண்டும். நாலைந்து நொடி இழுத்தால் வண்டியை எடுக்காதே. குளிர்ந்த எஞ்சினில் 'சக் சக்' என்று காற்று தப்பும் சத்தம் கேட்கிறதா என்று பார். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் ஆயில் கேப்பைத் திறந்து, துளையின் மேலேயே தளர்வாக வை. மெல்லிய ஆவி சகஜம். கேப் துள்ளும் அளவுக்குப் புகை தள்ளினால் வாஷரோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் எது என்று பிரித்துவிடலாம். நாலு சிலிண்டரும் நன்றாக, ஒன்றுபோலக் காட்டினால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, வாஷரைப் பார்.

வாஷர் மாற்றும்போது அது உட்காரும் பள்ளத்தை அதற்கான கட்டரோ பிரஷ்ஷோ போட்டுச் சுத்தம் செய்யச் சொல். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கோடு விழுந்து புது வாஷரும் கசியும். பழைய வாஷரைத் திருப்பிப் போடக் கூடாது. இன்ஜெக்டரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு வாரம் ஸ்டிக்கைத் தினமும் பார். அளவு ஏறினாலோ டீசல் வாடை அடித்தாலோ மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப் உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

அதே கையோடு சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரையும் பார்க்கச் சொல். மூடும்போது கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசவிடாதே. மெல்லிய ஒரே கோடு போதும். பிதுங்கும் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து அதே வலையை அடைக்கும். இன்னொன்று: பழைய எஞ்சினில் 'எஞ்சின் ஃப்ளஷ்' டப்பாவை ஊற்றவே ஊற்றாதே. இத்தனை வருடம் ஒட்டிக்கிடந்த கசடை ஒரே நேரத்தில் பெயர்த்து ஸ்ட்ரெய்னருக்கு அனுப்பிவிடும். அதற்குப் பதிலாக முதல் இரண்டு ஆயிலை 3,000 கிலோமீட்டரில் மாற்று, மெதுவாகத் தானாகக் கழுவும். அப்புறம் 7,500-க்கு ஒரு முறை, ஃபில்டரோடு சேர்த்து. நம் வெயிலுக்கு நல்ல டீசல் தர 15 டபிள்யூ 40 போதும். விலை உயர்ந்த ஆயிலை 15,000 வரை ஓட்டுவதைவிடச் சாதாரண ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது இந்த எஞ்சினுக்கு நல்லது.

டீசல் பக்கம் வருவோம். நாலு இன்ஜெக்டருக்கும் டீசலைத் தரும் பொதுக்குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். இன்ஜெக்டர் நுனியிலிருக்கும் நாசில் துளையோ முடி அளவுக்குத்தான் இருக்கும். தண்ணீரும் தூசியும்தான் அதன் எமன். டீசல் ஃபில்டரை 20,000-க்கு ஒரு முறை மாற்று. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்கிவிடு. ஐட்லிங் ஏறி இறங்கினாலோ சிக்னலில் நிற்கும்போது வண்டி தானாக அணைந்தாலோ, உடனே நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முதலில் டீசல் ஃபில்டர், அப்புறம் டீசல் பம்ப்புக்குள் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கண்ட்ரோல் வால்வு, கடைசியாக இன்ஜெக்டர். இந்த வரிசையில் போனால் பெரும் பணம் மிச்சம். இன்ஜெக்டர்தான் என்று சொன்னால், ஒவ்வொன்றும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று அளக்கும் லீக்-பேக் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல். நாலில் எது மட்டும் அதிகமாகத் திருப்பி விடுகிறதோ அதுதான் குற்றவாளி.

சூடு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று, எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் பல ஷெட்களில் இருக்கிறது. உன் வண்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிடு. அது இல்லாத எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரத் தாமதமாகும், டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். கூலன்ட்டில் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் கலக்காதே, உள்ளே உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகியிருந்தால் மூடியை மாற்று. சூடான எஞ்சினை அணைத்த பிறகு ஃபேனைக் கையால் சுற்றிப் பார்: லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தங்குதடையின்றிச் சுற்றினால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. டிராஃபிக்கில் ஏசி குளிராமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் 'பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று நினைக்காமல் அங்கேயே ஓரம் கட்டு.

அடிப்பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது முன்சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் மூட்டான லோயர் பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தூக்கி அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். ஆட்டம் இருந்தால் அன்றைக்கே மாற்று. அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். மாற்றியதும் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். கியர் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் 40,000-க்கு ஒரு முறை. வடிக்கும் திருகைத் தொடும் முன் நிரப்பும் திருகைத் திறந்து பார். அது துருவேறித் திறக்காமல் போனால், ஆயிலை வடித்துவிட்ட வண்டி ஷெட்டிலேயே நின்றுவிடும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது கொதித்து, பெடல் தரைவரை போகும். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வா.

நீ இருப்பது நாகப்பட்டினம், உப்புக் காற்று. மாதம் ஒரு முறை சேஸிஸையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவு. கதவின் அடியிலிருக்கும் வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடு. துருவின் மேலேயே கருப்புக் கோட்டிங் அடிக்கச் சொன்னால் சம்மதிக்காதே. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங். 2027-ல் 15 வருடம் முடிந்து எஃப்சிக்குப் போகும்போது அடிப்பாகத்தையும் பார்ப்பார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போடு. ஒவ்வொரு முறையும் டேங்க்கை முழுதாக நிரப்பி லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுது. லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி இரண்டு மூன்று டேங்க் தொடர்ந்து 10 என்று காட்டினால், விளக்கு எதுவும் எரியும் முன்பே ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஏர் ஃபில்டர், ஒட்டும் பிரேக், டயர் காற்று, இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடு. ஆயில் ஊற்றினால் எத்தனை மில்லி என்றும் எழுது.

பெல்ட்டும் வாஷரும் முடியும்வரை ஹைவே பக்கம் வண்டியை எடுக்காதே. சம்ப்பை இறக்கும் அன்று ஷெட்டில் நீயும் நில். ஸ்ட்ரெய்னரைக் கழுவும் முன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்